டர்போவுக்கு வைத்த பொட்டு

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வந்து, கரி படிந்த கையோடு ஓர் உருண்டை மாவைக் கிள்ளிக்கொண்டு போனார். பசி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மனிதர் அதைத் தின்னவில்லை. காரின் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கு முன்னால் புதிதாக உட்கார்ந்திருந்த ஓர் இரும்புச் சாமானின் தலையில் மாவை வைத்து, பானெட்டை மெதுவாக மூடினார். மறுபடியும் திறந்தார். நசுங்கிய மாவை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சரசு! ஒரு விரல் தடிப்பு இருக்கு. முட்டல!"

கல்யாணமான நாளிலிருந்து என் சப்பாத்தி மாவைப் பார்த்து அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

இந்தத் தொடரில் நான் வேலை பார்த்த பல் கிளினிக்கைப் பற்றி எழுதினேன், பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றிக்கூட எழுதினேன். வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் இல்லையே என்று சிலர் கேட்டார்கள். அவரும் கேட்டார். ஏன் கேட்டோம் என்று இந்த வாரம் யோசிப்பார்.

இறங்குவதற்கு எதற்கு டர்போ?

அவர் பெயர் கோபால். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு பழுது பார்க்க மெஷின் இல்லாமல் வீட்டில் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தவற்றையெல்லாம் பிரிக்க ஆரம்பித்தார். கடைசியில் காருக்கு வந்தார்.

கார் ஒரு பழைய ஜப்பான் செடான். வாங்கும்போது வெள்ளை, இப்போது தயிர் நிறம். எங்கள் ஒரே மகள் கவிதா பிறந்தபோது பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இந்தக் காரில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று இவர் ஓட்டிய வேகத்தில் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து, டயரில் காற்று இல்லையா என்று கேட்டதும் நினைவிருக்கிறது.

கவிதா இப்போது கேமரன் மலையில் கம்போங் ராஜாவில் ஆசிரியை. மாப்பிள்ளை சுரேன் அங்கே ஒரு காய்கறிப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் அவள் தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. எந்தக் காரில் அழைத்து வருவது என்பதில்தான் தகராறு.

சிம்பாங் பூலாயில் இருந்து மலைமேல் ஏறும் சாலை எங்கள் காருக்கு ஆகாது. அதற்கு முன் கடைசியாகக் கவிதாவையும் ஏற்றிக்கொண்டு போனபோது ஏர்கானை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறினோம். முட்டைக்கோஸ் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று ஹார்ன் அடித்துவிட்டு எங்களை முந்தியது. வெப்ப முள் சிவப்பைத் தொட்டதும் சாலையோரம் நிறுத்தி, மூவரும் மழைத்தூறலில் நின்றோம். கவிதாவுக்கு அது மறக்கவில்லை.

அதனால் தொலைபேசியில் அவள் பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் சுரேன் வண்டியிலேயே வாரேன். புது வண்டி, ஆட்டம் இல்ல."

"அது அவங்க வண்டிம்மா. அம்மா வீட்டுக்கு அம்மா வீட்டு வண்டியிலதான் வரணும். நீ பொறந்தப்ப இதுலதான் வந்த."

"மலையில நின்னுருச்சுன்னா?"

"நிக்காது. டர்போ போடப் போறேன்."

"நான் இறங்கித்தானப்பா வரப்போறேன்? இறங்குறதுக்கு எதுக்கு டர்போ?"

"ஏறி வந்தாத்தானே உன்னைக் கூட்டிட்டு இறங்க முடியும்?"

அந்த வாதத்தில் அவள் தோற்றுப்போனாள். பிறகு சொன்னாள்: "சரி, போடுங்க. ஆனா ஒண்ணுப்பா. வண்டியில ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் நான் ஏற மாட்டேன். என் வயித்துல பிள்ளை இருக்கு."

இவர் சரி என்றார். தொலைபேசியை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் கார் முக்கியம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு முக்கியம் என்று அன்றுதான் தெரிந்தது.

நத்தைக்கு இடம்

டர்போ என்பது என்ன என்று எனக்கு விளக்கப்பட்டது. நான் கேட்கவில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பலம் கூடும். பார்ப்பதற்கு நத்தை ஓடு போல இருப்பதால் நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குச் செல்லப்பெயர் சிப்புட். மலாயில் நத்தை. இவர் பிறந்தது சுங்கை சிப்புட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலில் அனுப்பும் கார்களின் முன்பாதியை விற்கும் கடைகள் ஈப்போவில் உண்டு. ஹாஃப் கட் கடை என்பார்கள். அங்கே ஒரு குட்டிக் காரிலிருந்து இவர் கழற்றி வந்த டர்போ, ஒரு சின்னத் தேங்காய் அளவுதான் இருந்தது. போக்குவரத்து இலாகாவில் அனுமதிக்கு அலைந்தது தனிக்கதை. அதை எழுதினால் இந்தப் பத்திரிகைக்குப் பக்கம் போதாது.

சின்னத் தேங்காய்க்குக்கூட அந்தக் காரில் இடம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் அதைச் செய்தவர்கள், பிற்காலத்தில் கோபால் என்றொருவர் வந்து முன்னால் ஒன்றைச் செருகப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது. புகைக்குழாய் அதன் முன்பக்கம். அதற்கு எதிரே உடனே ரேடியேட்டர் விசிறி. இரண்டுக்கும் நடுவில் என் கை போகும், வளையல் போட்டிருந்தால் போகாது.

உதவிக்கு வந்தவர் மெங்லெம்புவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆ லியோங். இருவரும் தொழிற்சாலைக் காலத்து நண்பர்கள். பாதி மலாய், கால் தமிழ், மீதி கை அசைப்பில் பேசிக்கொள்வார்கள். எதைக் கேட்டாலும் ஆ லியோங், "போலே லா" என்பார். முடியும் என்று அர்த்தம். முடியாதவற்றுக்கும் அதையே சொல்வார், கொஞ்சம் இழுத்து.

பேட்டரி முதலில் வெளியேறியது. அதைப் பின்னால் சாமான் வைக்கும் 'பூட்'டுக்குள் கொண்டுபோய்ப் பெட்டி கட்டி உட்கார வைத்தார்கள். காற்று வடிகட்டி ஒரு மூலைக்குப் போனது. ஆ லியோங் புகைக்குழாயை அறுத்து, குட்டையாக ஒன்று செய்து ஒட்டினார். டர்போவின் நத்தை ஓட்டைக் கழற்றித் திருப்பி, பக்கவாட்டில் இருந்த வாயை மேலே பார்க்க வைத்தார்கள். சூடாகும் பாதிக்கு, கால் முறிந்தவருக்குச் சுற்றுவது போல வெள்ளைத் துணி சுற்றினார்கள். பானெட் முட்டுமா என்று பார்க்கத்தான் என் சப்பாத்தி மாவு.

மாவு வெற்றி பெற்றதும் விசிறிப் பக்கத்துக்கும் இன்னொரு உருண்டை கேட்டார். கொடுத்தேன். டர்போவுக்கும் விசிறியைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக் வளையத்துக்கும் நடுவில் அதை அமுக்கி எடுத்து வந்து காட்டினார். அங்கேயும் ஒரு விரல் தடிப்பு. அன்றைக்குச் சப்பாத்தி குறைவாகத்தான் வந்தது.

ரப்பரைப் பற்றி எனக்குச் சொல்லாதே

எல்லாம் முடிந்தபோது ஆ லியோங் குனிந்து எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு, எதையோ அமுக்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"கோபால், மவுண்டிங் லெம்பிக் லா. துக்கார்."

எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் துண்டுகளைத்தான் சொன்னார். தொளதொளத்துவிட்டன, மாற்று என்றார்.

"அது ஒரிஜினல் ரப்பர். இன்னும் எங்கேயும் வெடிக்கல. ரப்பரைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார் இவர்.

இதில் மட்டும் இவரிடம் யாரும் பேச முடியாது. தாய் தகப்பன் இருவரும் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்து விளையாடி வளர்ந்தவர் இவர். அந்தத் தோட்டத்தில் இப்போது வரிசை வீடுகள் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாமா என்று ஒருமுறை கேட்டதற்கு, "அங்க என்ன இருக்கு?" என்று செய்தித்தாளைப் புரட்டினார். தோட்டத்தின் மேல் அவருக்கு ஏக்கம் இல்லை. ரப்பரின் மேல்தான் நம்பிக்கை. பழைய வாஷிங் மெஷினின் ரப்பர் வளையம், அறுந்த செருப்பின் வார், ஜாடி மூடியின் வளையம் எல்லாம் எங்கள் ஸ்டோர் ரூமில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ரப்பர் சாகாது என்பார். டின்னைத் திறந்தால் பாதி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சொன்னால், அது கலப்பட ரப்பர் என்பார்.

ஆ லியோங் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். மவுண்டிங் அப்படியே இருந்தது.

சந்தனமும் குங்குமமும்

வெள்ளிக்கிழமை காருக்குப் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சை. சூடத்தைத் தேங்காய் மேல் ஏற்றப் போனபோது இவர் பதறி, "பெட்ரோல் பைப் இருக்கு, தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று என்னை வாசல் கேட் வரைக்கும் துரத்தினார். நான் கேட்டில் நின்றே சூடம் காட்டினேன். ஆ லியோங்கும் வந்திருந்தார். தன் பங்குக்கு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, மூன்று முறை ஆட்டி, பூந்தொட்டியில் செருகினார்.

பொட்டு வைக்கும் வேலை என்னுடையது. ஸ்டியரிங்கில் ஒன்று, பானெட்டில் ஒன்று வைத்துவிட்டு டர்போவிடம் வந்தேன்.

"துணி சுத்துன பக்கம் வைக்காத, கருகிடும். இந்தப் பக்கம் வை."

சூடாகாத பக்கத்தில், மேலே ஒரு பொட்டு வைத்தேன். பிறகு முன்னால், விசிறியைப் பார்த்தபடி இருந்த முகப்பில், விரலை நுழைத்து இன்னொன்று வைத்தேன். கெட்டியான சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அங்க எதுக்கு? யாரு பாக்கப் போறா?"

"சாமி பாக்கும்."

எனக்கு அப்படிப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. முகம் என்று ஒன்று இருந்தால் அதில் பொட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் இவரும் ஆ லியோங்கும் காரை மலைக்கு எடுத்துப் போய்விட்டு மதியம் திரும்பினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்களைப் போல இருந்தார்கள். மூன்றாவது கியரிலேயே ஏறியதாம். ஏர்கான் போட்டே ஏறியதாம். காய்கறி லாரி ஒன்றை முந்தினார்களாம். லாரிக்காரரின் முகத்தை இவர் நடித்தும் காட்டினார். அந்த லாரி போன முறை எங்களை முந்திய அதே லாரி என்று அவர் நம்பினார். நான் மறுக்கவில்லை.

"இறங்குறப்ப அங்கங்க டக்குன்னு ஒரு சத்தம். கல்லு தெறிச்சிருக்கும்" என்றார் சாப்பிடும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

கடிக்கச் சொல்லிப் பார்ப்பது

அடுத்த நாள் காலையில் என்னை வெளியே கூப்பிட்டு, பானெட்டைத் திறந்து காட்டினார்.

"பாத்தியா? மலைக்குப் போய்ட்டு வந்துருக்கு. நீ வச்ச பொட்டுகூட அழியல."

மேலே வைத்த பொட்டு அப்படியே இருந்தது. குனிந்து முன்னால் வைத்ததைப் பார்த்தேன். பாதி இல்லை. எதிரே, விசிறியின் கறுப்பு வளையத்தில், கட்டை விரல் நகம் அளவுக்குச் சிவப்பு.

இங்கே கிளினிக்கைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லை அடைத்த பிறகு டாக்டர், நிறம் பூசிய மெல்லிய காகிதத்தைப் பல் நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார். எந்த இடத்தில் அடைப்பு உயரமாக இருந்து முட்டுகிறதோ அந்த இடத்தில் நிறம் ஒட்டும். அங்கே மட்டும் ராவுவார். அந்தக் காகிதத்தை எடுத்துக் கொடுத்துக் கொடுத்து என் பாதி ஆயுள் போயிருக்கிறது. அதனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"முட்டுதுங்க" என்றேன்.

"எப்படி முட்டும்? பாரு, விரல் போகுது." நடுவில் விரலை விட்டுக் காட்டினார். போனது.

"சும்மா வாயைத் திறந்து வச்சிக்கிட்டுப் பாத்தா எந்தப் பல்லும் முட்டாது. கடிக்கச் சொல்லணும்."

அவர் என்னைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார். காருக்குள் போய் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். என்னை ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். பிரேக்கை அழுத்திக்கொண்டு முதல் கியரைப் போட்டுக் கிளட்சை லேசாக விட்டார். எஞ்சின் மொத்தமும் பின்னால் சாய்ந்தது. டர்போ விசிறியை விட்டு விலகிப் போனது.

"விலகுது!" என்றேன்.

"பாத்தியா!" என்றார் வெற்றியோடு.

பிறகு ஏனோ அவருடைய முகம் மாறியது. ரிவர்ஸ் கியரைப் போட்டு அதே மாதிரி செய்தார். எஞ்சின் முன்னால் குனிந்தது. டக்.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்கினார். இந்த முறை மெதுவாக. எஞ்சின் சக்கரத்தைத் தள்ளி வண்டி ஏறும்போது அதன் தலை பின்னால் சாயும். மலையில் இறங்கும்போது சின்ன கியரில் போட்டு எஞ்சினால் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறோம். அப்போது சக்கரம் எஞ்சினை இழுக்கும், தலை முன்னால் சாயும். ரப்பர் தொளதொளத்திருந்தால் அதிகம் சாயும். வளையம் உடைந்து விசிறியில் சிக்கினால் விசிறி ரேடியேட்டரைக் கிழிக்கும். தண்ணீர் எல்லாம் நடுமலையில் கொட்டிப்போகும்.

"ஏறுறதைத்தான் நெனச்சோம். அவ இறங்கித்தான் வரப்போறா" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் இவர் டக் டக் என்று இறங்கியிருப்பார், கல்லு தெறிக்குது என்று சொல்லிக்கொண்டு.

வளைகாப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஆ லியோங் வந்து பார்த்தார். நான் சொன்னேன் அல்லவா என்று அவர் சொல்லவில்லை. விசிறியை ரேடியேட்டருக்கு முன்பக்கம் கொண்டு போகலாமா என்று பார்த்தார்கள். அங்கே ஏர்கான் குழாய்கள் குறுக்கே இருந்தன. கடைசியில் விசிறியைத் தூக்கிவிட்டு மெல்லிய விசிறி ஒன்றைப் போட்டார்கள். இன்னொரு விரல் இடம் கிடைத்தது. மவுண்டிங் ரப்பர் ஈப்போவில் கிடைக்கவில்லை. சித்தியவானில் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு இவரே போய் வாங்கி வந்தார். கெட்டியான புது ரப்பர். கழற்றிய பழைய ரப்பரைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பார்த்தார். பிஸ்கட் டின்னில் போடவில்லை, குப்பையில் போட்டார்.

வேலை முடிந்தது சனிக்கிழமை மாலை. வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார்கள், முட்டவில்லை. மலையிறக்கத்தில் ஓட்டிப் பார்க்கப் பொழுது இல்லை. பழைய பொட்டுகளைத் துடைத்துவிட்டு அதே இடங்களில் புதுசு வைத்தேன். இந்த முறை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

மேலே

ஞாயிற்றுக்கிழமை, 'பூட்'டில் பேட்டரி உட்கார்ந்திருந்ததால் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் பின்சீட்டில் சீட்பெல்ட் போட்டுக்கொண்டு வந்தன. கார் நன்றாகத்தான் ஏறியது. அதை மறைக்க மாட்டேன். கண்ணாடி மூடி, ஏர்கான் போட்டு, நான் சாய்ந்து உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வளைகாப்பில் கவிதாவுக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். சாப்பாடு முடிந்து, பெட்டியெல்லாம் கட்டியானதும் அவள் நேராகக் காரிடம் வந்தாள்.

"அப்பா, திறங்க."

பொட்டுச் சங்கதியை நான் முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். முழுக்கச் சொல்லவில்லை, முட்டியது என்பது வரைக்கும்தான். அவள் குனிய முடியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முன்பொட்டு வட்டமாக இருந்தது.

"அழியலையே. மலை ஏறி வந்துருக்கீங்க, சத்தமும் இல்ல. சரிப்பா, போலாம்."

அவள் கதவில் கை வைத்துவிட்டாள். இவர் பல வாரமாகக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பியிருந்தால் போதும்.

"இரும்மா" என்றார். "ஏறுறப்ப அது முட்டாது. இறங்குறப்பதான் முட்டும். போன வாரம் அப்படித்தான் ஆச்சு. எல்லாம் மாத்திட்டோம், ஆனா இறங்கிப் பாக்கல."

"அப்ப?"

"நீ மாப்பிள்ளை வண்டியில வா. நாங்க முன்னால இறங்குறோம்."

"நான் பின்னாலயே வாரேன் மாமா. ஏதாச்சும்னா ஹார்ன் அடிங்க" என்றார் சுரேன், அவசரமாக. அவருக்கு நிம்மதியை மறைக்கத் தெரியவில்லை.

இவர் பானெட்டை மூடிவிட்டு, தேவையில்லாமல் அதைத் துண்டால் துடைத்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அவர் சொன்ன 'நாங்க' என்பதில் நானும் அடக்கம் என்பது காரில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

காது அடைத்தது

இரண்டாவது கியரில் இறங்கினோம். பாட்டு இல்லை, ஏர்கான் இல்லை. இருவரும் ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் முடிந்து காடு வந்தது. வளைவுக்கு வளைவு எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது.

பாதி மலையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. மலையிறங்கினால் எப்போதும் அப்படித்தான்.

"கேக்குதா?" என்று அவர் உதடு அசைந்தது.

"என்னது?"

"சத்தம் கேக்குதான்னு கேட்டேன்!"

"எனக்கு நீங்க பேசுறதே கேக்கல!"

அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினார். அவருக்கும் அடைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. காதே இல்லாத இரண்டு பேர் ஒரு சின்னச் சத்தத்தைத் தேடிக்கொண்டு மலையிறங்கினோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் வரும் சுரேனின் காரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எங்கள் பின்னால் லாரிகள் வரிசை கட்டின.

சிம்பாங் பூலாயில் சுண்ணாம்பு மலைகள் தெரிந்ததும் ஓர் இளநீர்க் கடை ஓரமாக நிறுத்தினார். இறங்கி முன்னால் போனார். பானெட்டின் கொக்கியில் கை வைத்தார், தூக்கவில்லை.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வளையல் குலுங்கக் கவிதா வந்து, காலிச் சோற்றுப் பாத்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"இரும்மா, பொட்டைப் பாத்துடுறேன்" என்றார் இவர்.

"வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்பா. இனிமே மலையா இருக்கு?" என்றாள். பிறகு, "நானும் பின்னாலயே பாத்துக்கிட்டுதான் வந்தேன். நடந்து வந்திருந்தா முன்னாடியே வந்துருப்பேன். நான் பொறந்தன்னைக்கும் இப்படித்தான் ஓட்டுனீங்களா?"

"சைக்கிள் முந்திச்சு" என்றேன் நான்.

அவர் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்வது போல மேலே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. கார் கிளம்பியது. வீடு வரைக்கும் டர்போவுக்கு ஒரு வேலையும் இல்லை, சாலை சமதரைதான்.

வாசலில் ஆரத்தி எடுத்தேன். கவிதாவின் நெற்றியில் பொட்டு வைத்து உள்ளே அனுப்பினேன். சுரேன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். தட்டைக் கீழே வைக்கப் போனபோது இவர் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றார்.

"சரசு, இதுக்கும் ஒண்ணு வை."

குனிந்து பார்த்தேன். டர்போவின் முகத்தில் சனிக்கிழமை வைத்த பொட்டு வட்டம் கலையாமல் இருந்தது. எதிரே விசிறியில் ஒரு துளி சிவப்பு இல்லை.

"பழசு அப்படியே இருக்குங்க. எங்க வைக்கிறது?"

அவர் குனிந்தபடியே அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் விரலில் குங்குமம் காத்திருந்தது. அவர் நெற்றி காலியாகத்தான் இருந்தது. அங்கே வைத்தேன்.